பாலுக்குள் மறைந்த மருந்து

சென்ற மார்கழியில் ஒருநாட் காலை எமது வீட்டுச் சட்டியிலே தயிர் உறையவில்லை. இதனைப் பத்திரிகையில் எழுதுதற்குரிய செய்தியென எவரும் கருதார். மார்கழிக் குளிரில் தயிர் பிந்தி உறைவது யாழ்ப்பாணத்து வீடுகளில் வழமையே. ஆதலின் எமது இல்லத்தரசியார் சட்டியை அடுப்பங்கரையிற் சற்று வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றி வைத்தார். நண்பகல் ஆயிற்று, மாலையும் ஆயிற்று, பால் பாலாகவே கிடந்தது. உறைமோரின்மேற் பழியைப் போட்டு, அயல்வீட்டு உறைமோரை வாங்கி அடுத்த நாட் பாலில் இட்டுப் பார்த்தார். அதுவும் உறையவில்லை. அதே உறைமோரை வேறொரு வீட்டுப் பசுவின் பாலில் இட்டபோது விடியுமுன் கட்டித் தயிராயிற்று.

கல்லூரியில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் கற்பிக்கும் நாம், இவ்வாறு ஒன்றை மாற்றி மற்றதை மாற்றாது ஒப்புநோக்குமாறு மாணவர்க்கு ஆண்டுதோறும் ஓதி வருகின்றோம். எமது இல்லத்தரசியார் எந்தப் பாடநூலையும் புரட்டாமலே அதனைச் செய்து முடித்துவிட்டார். குற்றம் உறைமோரில் இல்லை. பாலிலேதான் ஏதோ உளது.

பால் தரும் அக்கா மறுநாள் வந்தபோது விசாரித்தோம். அவர் எம்மிலும் ஐந்தாறு வயது மூத்தவர், கணவரை இழந்தவர், இரண்டு பசுக்களைக் கொண்டே இரு பிள்ளைகளைப் படிப்பித்து வருபவர்.

"அக்கா, மாட்டுக்கு ஏதும் வருத்தமோ?"

"ஓம் மாஸ்டர். சிவலைக்கு மடி கல்லு மாதிரி இறுகிப் போச்சு. டொக்டர் வந்து ஊசியும் போட்டு, மடிக்குள்ள மருந்தும் ஏத்தினவர்."

"பாலை எடுக்க வேண்டாமெண்டு சொல்லேல்லையோ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னவர்தான். மூண்டு நாளைக்குக் கறந்து கொட்டச் சொன்னவர். கொட்டினால் பிள்ளையின்ர ரியூசன் காசுக்கு நான் எங்க போறது, மாஸ்டர்?"

நாம் மறுமொழி கூறவில்லை. கூறுதற்கு அப்போது எம்மிடம் எதுவும் இருக்கவில்லை. ஆயின் அன்றுதொட்டு இப்பொருள் பற்றித் தேடிப் படித்தவற்றை வாசகர்க்கும், சிறப்பாக விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கும், கூற விரும்புகின்றோம்.

மடிநோய் என்பது நுண்ணுயிர்கள் முலைக்காம்பின் துவாரத்தினூடே உட்சென்று மடியை அழற்றுவதாகும். கறவைப் பசுக்களை உலகெங்கும் பீடிக்கும் நோய்களுள் முதன்மையானது இது. இதற்குப் பெனிசிலின் போன்ற நுண்ணுயிர்கொல்லி மருந்தை ஒரு சிறு குழாய்வழியே காம்பினுள் ஏற்றுவர். எந்த உறுப்பு மருந்தை வேண்டி நிற்கின்றதோ அதே உறுப்புத்தான் எமக்கு உணவையும் தருகின்றது. சிக்கல் இங்கேயே தொடங்குகின்றது. ஏற்றிய மருந்தின் பெரும்பகுதி அடுத்தடுத்த நாட்களிற் கறக்கும் பாலோடுதான் வெளியேறும். வேறு நோய்க்காகத் தசையில் ஊசி ஏற்றினாலும், மருந்து குருதிவழியே மடியை அடையவே செய்யும். ஆதலால் ஒவ்வொரு மருந்துக்கும் இத்தனை நாட் பாலை விலக்குக என்று ஒரு காலம் விதிக்கப்பட்டிருக்கின்றது. மிருக வைத்தியர் கூறிய மூன்று நாள் அதுவே.

விலக்காத பாலால் வரும் தீங்கு யாது? பெனிசிலின் ஒவ்வாத உடம்பினர் சிலருக்குச் சிறிதளவு மருந்தும் தோலிற் தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்கலாம். நுண்ணுயிர்கள் குறைந்த அளவு மருந்தோடு பழகிப் பழகி அதற்கு அஞ்சாதனவாக மாறுவது மற்றொன்று. ஆனால் இவ்விடயத்தை உலகுக்கு முதலில் அறிவித்தோர் வைத்தியர் அல்லர், பாற்கட்டி செய்வோர். இரண்டாம் உலகப் போருக்குப்பின் மடிநோய்க்குப் பெனிசிலினை ஏற்றும் வழக்கம் மேனாடுகளிற் பரவவே, 1940களின் இறுதியிற் பாற்கட்டித் தொழிற்சாலைகளில் உறை இட்ட பால் புளிக்காது நிற்கலாயிற்று. எமது வீட்டுச் சட்டியில் நிகழ்ந்தது அங்கே பெரிய தொட்டிகளில் நிகழ்ந்தது. தொட்டி தொட்டியாகப் பால் வீணானபோதுதான் காரணத்தைத் தேடினர்.

நுண்ணுயிரே காவலாளி

தொல்லையைக் காட்டிக் கொடுத்த நுண்ணுயிரையே சோதனைக் கருவியாக்கினர் அறிஞர். 1955 இல் வெளியான ஒரு முறையில், பாலிலே உறை நுண்ணுயிரையும் நிறமற்ற ஓர் உப்பையும் சேர்த்து வெதுவெதுப்பாக வைப்பர். நுண்ணுயிர் வளர்ந்தால் அவ்வுப்புச் செந்நிறம் பெறும். மருந்திருந்து வளர்ச்சியைத் தடுத்தால் பால் வெண்மையாகவே நிற்கும். நல்ல பால் சிவக்க, கெட்ட பால் வெளுத்திருக்கும் இவ்விந்தை எம் மாணவர்க்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

1970களில் நெதர்லாந்திலிருந்து வந்த டெல்வோ சோதனை இதனினும் நுண்ணியது. அதிற் காவல் புரிவது மிகுந்த சூட்டிலும் வளரவல்ல ஒரு பக்டீரியா. டப்பிகளில் அடைத்த உணவைக் கெடுக்கும் துட்டன் என்றே அவ்வினம் முன்னர் பெயர் பெற்றிருந்தது. அதன் வித்திகளைச் சீனியோடும் அமிலங்காட்டியொன்றோடும் கூழிற் புதைத்துச் சிறு குப்பிகளில் அடைத்து வைத்திருப்பர். அதன்மேற் சில துளி பாலை விட்டு 64 பாகை சென்ரிகிரேட்டில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் வைத்தால், தூய பாலாயின் பக்டீரியா வளர்ந்து அமிலத்தைச் சுரக்க, ஊதா நிறம் மஞ்சளாக மாறும். ஊதா ஊதாவாகவே நின்றால் அப்பாலின்மீது ஐயம் கொள்ள வேண்டும். பெனிசிலினுக்கு ஐரோப்பாவில் விதித்த எல்லை ஒரு கிலோகிராம் பாலில் 4 மைக்கிரோகிராம். அதாவது ஆயிரம் கிலோகிராம் பாலில் 4 மில்லிகிராம். அந்த அளவைக் கண்ணாற் காணும் நிறமாற்றமாக ஒரு பக்டீரியா காட்டிவிடுகின்றது என்பது எமக்கு இன்னும் வியப்பாகவே உள்ளது.

ஐக்கிய அமெரிக்காவில் 1992 முதல், பண்ணைகளிலிருந்து பால் ஏற்றிவரும் ஒவ்வொரு தாங்கி வண்டியும் தொழிற்சாலையில் இறக்கப்படுமுன் பெனிசிலின் இன மருந்துகளுக்காகச் சோதிக்கப்படுகின்றது. சோதனையிற் தவறிய வண்டியின் பால் முழுவதும் மனிதர் உணவினின்றும் விலக்கப்படும். வண்டிச் சாரதி ஒவ்வொரு பண்ணையிலும் பாலை ஏற்றும்போதே ஒரு மாதிரியைத் தனியாக எடுத்து வைத்திருப்பார். ஆதலால் எந்தப் பண்ணையாற் கேடு வந்ததென்று கண்டுபிடித்து, வண்டி முழுவதன் நட்டத்தையும் அப்பண்ணையாரிடமே அறவிடுவர். ஒரு பசுவின் பாலை மறந்து கலந்தவன் பல பண்ணைகளின் பாலுக்கு விலை கொடுக்க நேரிடும். இக்கண்டிப்பின் பயனாக அண்மை ஆண்டுகளிற் தவறும் வண்டிகள் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு என்ற அளவுக்குக் குறைந்துள்ளன.

இவற்றை வகுப்பிற் கூறியபோது ஒரு மாணவன் எழுந்தான். "சேர், நாங்கள் பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறம்? காய்ச்சினால் மருந்து போகாதோ?"

கிருமியைக் கொல்லும் சூடு மருந்தையும் அழிக்கும் என்ற எண்ணம் பலரிடத்து உண்டு, அது பிழை. வீட்டிலே ஒருமுறை பொங்கக் காய்ச்சுவதாற் பெனிசிலினின் பெரும்பகுதி அழிவதில்லை. வேறு சில மருந்துகள் இன்னும் பிடிவாதமானவை. பாலை மாவாக்கும்போது நீரே ஆவியாகப் போகின்றது. மருந்து மாவிற் தங்கிவிடும். நாம் மீண்டும் நீர் சேர்த்துக் கலக்கும்போது மருந்தும் கோப்பைக்கு வந்து சேரும்.

நெருப்புக் காய்ச்சலின் எதிரி

இதுவரை கூறியது, அளவோடு அனுமதிக்கப்பட்ட மருந்துகளைப் பற்றியது. இனிக் கூறப்போவது அறவே தடை செய்யப்பட்ட மருந்தைப் பற்றியது. அளவு சிறிதாயிற்றே என்று இங்கு அமைதி கொள்ள முடியாது.

குளோரம்பெனிக்கோல் என்பது அதன் பெயர். எமது தாய் தந்தையர் காலத்தவர்க்கு இது குளோரோமைசெற்றின் என்ற வணிகப் பெயராற் பழக்கமானது. தென்னமெரிக்காவில் வெனிசுவேலா நாட்டுக் கரக்காசு நகருக்கு அருகேயிருந்து எடுத்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து, யேல் பல்கலைக்கழகத்துப் போல் பேர்க்கோல்டர் என்பாரின் ஆய்வின்வழி, 1947 இல் இது வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்க வைத்தியர் குழுவொன்று இம்மருந்தை எடுத்துக்கொண்டு மலாயாவின் கோலாலம்பூருக்கு வந்தது. எம்மவர் பலர் அரசாங்க உத்தியோகம் பார்த்த அதே மலாயாதான். உண்ணி இனப் பூச்சிகளாற் பரவும் ஒருவகைக் காய்ச்சலுக்கு மருந்தைச் சோதிப்பதே அவர்கள் நோக்கம். ஆனால் மருந்து கொடுக்கப்பட்டோருட் சிலருக்கு உண்மையில் இருந்தது நெருப்புக் காய்ச்சல். அதற்கு அந்நாளில் மருந்தே இல்லை. வாரக்கணக்காகக் காய்ந்து, பலர் மாண்டு போவர். இந்நோயாளரோ சில நாட்களிற் காய்ச்சல் தணிந்து எழுந்து உட்கார்ந்தனர்! தற்செயலாக வாய்த்த கண்டுபிடிப்புகளுள் இதற்கு நிகரானவை சிலவே. 1949 இல் மில்ட்ரெட் ரெப்சுடொக் எனும் பெண்மணியும் அவர்தம் குழுவினரும் இதனை ஆய்வுகூடத்தில் முழுதாகவே ஆக்கிக் காட்டினர். மண்ணின் நுண்ணுயிரை நம்பியிராது தொழிற்சாலையிற் பெருமளவில் தொகுத்துச் செய்யப்பட்ட முதல் நுண்ணுயிர்கொல்லி இதுவே. மலிவாயிற்று, எந்த நோய்க்கும் கொடுக்கலாயினர்.

சில ஆண்டுகளுக்குள் வேறு செய்தி வந்தது. இம்மருந்தை உண்டவருள் மிகச் சிலருக்கு என்பு மச்சை தன் தொழிலையே நிறுத்திவிடக் கண்டனர். குருதிக் கலங்கள் பிறப்பது என்பு மச்சையிலே. அது வற்றினால் உடம்பு வெளிறும். காயத்திற் குருதி நில்லாது. அற்பக் கிருமியும் உயிரை வாங்கும். மருந்தை நிறுத்தி வாரங்கள், சிலவேளை மாதங்கள் சென்றபின்னரும் இந்நோய் தலைகாட்டும். 24,000 முதல் 40,000 பேரில் ஒருவருக்கு என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டு வரும் கணக்கு. 1952 இல் ஐக்கிய அமெரிக்காவில் இதனை விசாரித்து, மருந்தின் மேலுறையில் எச்சரிக்கை பொறிக்கப் பணித்தனர்.

இந்நோயின் கொடிய இயல்பு ஒன்றை வாசகர் கவனித்தல் வேண்டும். பெரும்பாலான நஞ்சுகளுக்கு அளவு உண்டு. குறைய உண்டால் குறைந்த தீங்கு, கூட உண்டால் கூடிய தீங்கு. இந்த மச்சை வற்றும் நோயோ உண்ட அளவைப் பின்பற்றுவதாகத் தெரியவில்லை. யாருக்கு வரும், எவ்வளவில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. நெருப்புக் காய்ச்சலிற் கிடக்கும் நோயாளி, நாற்பதினாயிரத்தில் ஒன்றான ஆபத்தை ஏற்று உயிரைக் காத்துக்கொள்வது நியாயமே. தாய் கையிற் கொடுத்த பாலைக் குடிக்கும் குழந்தைக்கு அந்தப் பேரம் பொருந்துமா? அக்குழந்தைக்கு நோயும் இல்லை. மருந்தினாற் பயனும் இல்லை. கேட்டுக் கொடுத்தவரும் எவருமில்லை. இதனாலேயே உலக உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு, இம்மருந்துக்கு இவ்வளவு உண்ணலாம் என்று ஓரளவை வகுக்க மறுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1994 இல் உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கு இதனைக் கொடுப்பதைத் தடை செய்தது. வேறு பல நாடுகளும் தடுத்துள்ளன. வலிக்கு மருந்தாகக் குதிரைகளுக்குக் கொடுக்கும் பீனைல்பியூட்டசோன் என்பதும் இதைப் போன்ற காரணத்தால், 2003 முதல் ஐக்கிய அமெரிக்காவில் 20 மாதமும் அதற்கு மேலும் வயதான கறவையினப் பசுக்களுக்கு விலக்கப்பட்டுள்ளது.

தடை எழுதுவது எளிது. பாலில் அதனைக் கண்டுபிடிப்பதுதான் அரிது. பெனிசிலினுக்குக் காவல் நின்ற பக்டீரியா இங்கே உதவாது. குளோரம்பெனிக்கோல் ஆய்வாளர் தேடும் அளவினும் ஆயிரக்கணக்கான மடங்கு கூடியிருந்தாலன்றி அது வாய் திறவாது. எமது வீட்டுத் தயிர்ச்சட்டியும் அவ்வாறே. தயிர் நன்றாக உறைந்துவிட்டது, ஆகவே பாலில் மருந்தில்லை என்று எவரும் எண்ணற்க.

அன்னதானப் பந்தி

இவ்விடத்தில் ஆய்வாளர் துணை வேண்டியது உடம்பின் காவற்படையை. அன்னியப் பொருளொன்று உடம்பினுட் புகுந்தால் அதற்கேயுரிய வடிவில் ஒரு புரதத்தை உடம்பு வார்த்து அதனைப் பிடிக்கும். பிறபொருளெதிரி என்று எமது பாடநூல்கள் கூறுவது இதனையே. இதனை அளவுகோலாக்கலாம் என 1950களின் இறுதியிற் காட்டியவர் நியூயோர்க்கில் இன்சுலினை ஆராய்ந்த ரோசலின் யாலோ அம்மையாரும் சொலமன் பேர்சனும். யாலோ அம்மையார் 1977 இல் நோபல் பரிசு பெற்றார். பேர்சன் அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே காலமாகிவிட்டார். கதிர்வீசும் பொருளுக்குப் பதிலாக நிறம் தரும் நொதியத்தைப் பயன்படுத்தும் முறை 1971 இல் சுவீடனிலும் நெதர்லாந்திலும் வெளிவந்தது.

குளோரம்பெனிக்கோல் மூலக்கூறு மிகச் சிறியதாதலின் உடம்பின் காவற்படை அதனைப் பொருட்படுத்தாது. எனவே அதனைப் பெரிய புரதமொன்றோடு பிணைத்து முயல் முதலிய பிராணிகளுக்கு ஏற்றுவர். பிராணியின் உடம்பு அதற்கு எதிரியை ஆக்கித் தரும்.

பின்னர் நிகழ்வது ஒரு போட்டி. கோயில் மடத்தில் நூறு இலை மட்டும் போட்ட அன்னதானப் பந்தியை எண்ணிக்கொள்க. சிவப்புச் சால்வை போர்த்த நூறு பேரை உள்ளே விடுகின்றோம். வேறொருவரும் வராவிடில் பந்தி முழுவதும் சிவந்து தோன்றும். சால்வையில்லாத விருந்தினர் சிலர் அவர்களோடு கலந்து வந்து அமர்ந்தால், சிவப்பு அவ்வளவுக்குக் குறையும். இலைகள்தாம் பிறபொருளெதிரிகள், சால்வைக்காரர் நாமே நிறம் பூட்டிச் சேர்த்த மருந்து மூலக்கூறுகள், சால்வையில்லாதவர் பாலில் ஒளிந்து வந்த மருந்து. நிறம் மங்க மங்க மருந்து கூடுதல் என்று பொருள். ஒரே நாளில் பல மாதிரிகளை இவ்வாறு சோதிக்கலாம், செலவும் குறைவு.

இதிலொரு குறையுண்டு. விருந்தினரைப் போலவே தோற்றமுடைய வேற்றாளும் இலையில் அமர்ந்துவிடக் கூடும். ஒரு பண்ணையாரின் பாலைக் கொட்டச் செய்வதற்கும், ஒரு கப்பலைத் திருப்பி அனுப்புவதற்கும் இச்சாட்சியம் மட்டும் போதாது. ஐயத்துக்குரிய மாதிரி, இறுதித் தீர்ப்புக்காகத் திணிவு நிறமாலைமானி என்னும் கருவிக்குச் செல்லும்.

அங்கே பாலின் கொழுப்பையும் புரதத்தையும் நீக்கி, எஞ்சிய சாற்றை நுண்ணிய துகள்கள் அடைத்த குழாயினூடே அழுத்திச் செலுத்துவர். ஒவ்வொரு பொருளும் தன்தன் வேகத்தில் ஊர்ந்து தன்தன் நேரத்தில் வெளிவரும். வரும் மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கொடுத்து நிறை பார்ப்பர். குளோரம்பெனிக்கோலின் மூலக்கூற்றுத் திணிவு ஏறத்தாழ 323; கருவியினுள் ஓர் ஐதரசன் கருவை இழந்த அதன் அயன் 321 என்னும் இடத்தில் தோன்றும். இதனோடு விடுவதில்லை. அந்த 321 ஐ மட்டும் பிரித்தெடுத்து வாயுவோடு மோதவிட்டு உடைப்பர். 152 ஆகவும் 257 ஆகவும் துண்டுகள் விழ வேண்டும். இரண்டுக்கும் இடையேயுள்ள விகிதமும் தூய மருந்தினதோடு ஒத்திருத்தல் வேண்டும். குழாயை விட்டு வெளிவந்த நேரமும் பொருந்த வேண்டும். சோதனை தொடங்குமுன் மாதிரியில் ஓர் இரட்டைப் பிள்ளையையும் சேர்த்திருப்பர். அது, ஐந்து ஐதரசன் அணுக்களுக்குப் பதிலாகப் பார ஐதரசன் பூட்டிய அதே மருந்து. 326 இற் தோன்றும். வழியில் எவ்வளவு சிந்திப் போயிற்றென்பதை அவ்விரட்டை காட்டிக் கொடுக்கும்.

பூச்சியம் என்பது எவ்வளவு?

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி ஒரு வினாவை எழுப்பினாள். "சேர், தடை எண்டால் பூச்சியம் தானே? பிறகேன் 0.3 எண்டு ஒரு இலக்கம் போடினம்?"

அவள் குறிப்பிட்டது ஐரோப்பிய ஒன்றியம் 2003 இல் அறிவித்த இலக்கத்தை: கிலோகிராமுக்கு 0.3 மைக்கிரோகிராம். இவ்விலக்கத்தின் சிறுமையை வாசகர் உணர்தற்கு ஒரு கணக்கு. மனிதர் உண்ணும் 250 மில்லிகிராம் வில்லை ஒன்றைப் பாலிற் கரைத்தால், 8 இலட்சம் கிலோகிராமுக்கு மேற்பட்ட பால் அந்த எல்லையை எட்டிவிடும். பத்தாயிரம் லீற்றர் கொண்ட தாங்கி வண்டியில் 3 மில்லிகிராம்!

மாணவியின் வினா நுட்பமானது. 0.3 வரை உண்ணலாம் என்று எவரும் அனுமதி வழங்கவில்லை. அது பாலுக்கு விதித்த எல்லையன்று. ஆய்வுகூடத்துக்கு விதித்த தகுதி. தடை மருந்தைத் தேடுவோரின் கருவி குறைந்தது இந்த அளவையாவது காணவல்லதாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் பொருள். முன்னர் நிகழ்ந்தது யாதெனில், நுண்ணிய கருவியுள்ள ஆய்வுகூடம் மருந்தைக் கண்டது. பழைய கருவியுள்ள ஆய்வுகூடம் 'இல்லை' என்று எழுதியது. ஒரே பொருள் ஒரு துறைமுகத்திற் தள்ளப்பட்டு மற்றொன்றில் ஏற்கப்படலாம் என்ற நிலை. 'இல்லை' என்ற சொல்லின் பொருள் பாலில் இல்லாது கருவியின் விலையில் இருந்தது. அதனைச் சமப்படுத்தவே ஓர் இலக்கம் வேண்டியதாயிற்று. 2005 இல் அவ்விலக்கமே இறக்குமதிகளின்மீது நடவடிக்கை எடுப்பதற்குரிய எல்லையுமாயிற்று. கருவிகள் மேலும் கூர்மையடையவே, 2022 நவம்பரில் அது 0.15 ஆகப் பாதியாயிற்று. பூச்சியத்தை நோக்கி நாம் ஓரடி வைக்க, அது ஓரடி பின்னே செல்கின்றது.

இன்னுமொரு சிக்கலும் உண்டு. குளோரம்பெனிக்கோல் முதலில் மண்ணின் நுண்ணுயிரிலிருந்தே கிடைத்ததென்று கூறினோமன்றோ? அந்நுண்ணுயிர்கள் இன்றும் மண்ணில் உள்ளன. நெதர்லாந்தின் வாகனிங்கன் நகர ஆய்வாளர் 2010 இலும் 2013 இலும் வெளியிட்ட ஆய்வுகளில், மருந்தே இடப்படாத புல், பூண்டு, பயிர் ஆகியவற்றிலும் அதன் நுண்ணிய சுவடுகள் இருக்கக் கூடுமெனக் காட்டினர். மண்ணிலிருந்து வேர்கள் உறிஞ்சியவை அவை. கருவி பொருளைக் கண்டுபிடிக்கும். அது ஊசியால் வந்ததா வைக்கோலால் வந்ததா என்று கூறாது. நேர்மையான பண்ணையார் ஒருவர் தம் மாட்டுக்கு வைக்கோல் போட்ட குற்றத்துக்காக நீதிமன்றம் ஏறக் கூடுமா என்பது எமக்கு வீண் வினாவாகத் தோன்றவில்லை. எனினும் இதனைச் சாட்டாக வைத்துத் தடையைத் தளர்த்துமாறு கேட்போரோடு நாம் உடன்படோம். ஊசி போடுவோரை நிறுத்தலாம். மண்ணை நிறுத்த முடியாது. நிறுத்தக் கூடியதை நிறுத்துவதே முறை.

2013 ஆம் ஆண்டை வாசகர் மறந்திரார். நியூசிலாந்துப் பாலில் டைசயன்டயமைட் என்னும் பொருள் காணப்பட்டதென்ற செய்தி எழ, அவ்வாண்டு இந்நாட்டிலும் சில பால்மாக்கள் கடைகளிலிருந்து மீளப் பெறப்பட்டன. அது கால்நடை மருந்தன்று. புல்வெளிக்கு இடும் பொருள். அந்நாட்களில் எம்மோடு பேசியவருள் 'இருக்கிறதாம்' என்றவரே பலர்; 'எவ்வளவு இருக்கிறதாம்?' என்று கேட்டவரை நாம் கண்டிலோம். ஒரு மருந்துக்கு அளவே எல்லாமாகின்றது. மற்றொன்றுக்கு அளவே பொருளற்றதாகின்றது. எது எந்த வகை என்பதை அறியாமல் இலக்கத்தை மட்டும் கேட்டு அஞ்சுவதும் அஞ்சாதிருப்பதும் ஒன்றே.

மீண்டும் சிவலைப் பசுவிடம் வருவோம். அதற்கு ஏற்றியது அனுமதிக்கப்பட்ட மருந்துதான். அக்காவின் பாலைச் சோதிக்கத் தாங்கி வண்டியும் இல்லை. ஊதா நிறக் குப்பியும் இல்லை. போத்தலிற் கொண்டு வந்து படலையடியில் தருகின்றார். அங்கே இருக்கும் சோதனை அவருடைய வாய்ச்சொல் ஒன்றுதான். அமெரிக்கப் பண்ணையார் உண்மையை மறைத்தால் வண்டி முழுவதன் விலையை இழப்பார்; ஆகையால் மறைப்பதில்லை. எமது அக்காவோ உண்மை சொன்னாற்தான் மூன்று நாட் காசை இழப்பார்.

அவரிடம் பால் வாங்கும் நான்கு வீட்டாரும் ஒருநாள் மாலை கூடிப் பேசினோம். மருந்து போட்டதாக அவர் சொல்லும் நாட்களுக்கும் மாதக் கணக்கிற் காசைக் குறைப்பதில்லை என்று நாம் முன்மொழிந்தோம். ஒருவர், "வாங்காத பாலுக்குக் காசோ?" என்று சிரித்துவிட்டு எழுந்து போனார். மற்ற இருவரும் இசைந்தனர். அக்காவுக்கு இதனை எடுத்துரைத்தபோது அவர் எம்மை நம்பியதாகத் தெரியவில்லை.

பங்குனியிற் சிவலைக்கு மடி மீண்டும் வீங்கிற்று. விடியற்காலை அக்கா வெறுங்கையோடு படலையடியில் வந்து நின்றார். "இண்டையில இருந்து மூண்டு நாளைக்குப் பால் இல்லை மாஸ்டர். கொப்பியில எழுதி வையுங்கோ" என்றார். எழுதி வைத்தோம். நான்காம் நாட் கொணர்ந்த பாலில் எமது இல்லத்தரசியார் ஒரு சிறு சட்டியளவு எடுத்து உறையிட்டார். விடியுமுன் உறைந்திருந்தது. ஆயினும் ஐந்தாம் நாளிலிருந்துதான் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.